விருந்தாளியை ஜெயிக்கக் கூடாது

தூர்திக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலைத் தாண்டவில்லை. அதனால் நான்காவதாகப் பிறந்தவனுக்கு அவன் அம்மா ‘தூர்தி’ என்று பெயர் வைத்தாள். ‘தங்கிவிட்டான்’ என்று அர்த்தம். பெயருக்குப் பழுது வரவில்லை. கோக்கந்தில் பிறந்தான், கோக்கந்திலேயே படித்தான், பட்டாளத்தில் இருந்த காலம் போக மற்றபடி ஊர் எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கினவன் இல்லை. நகரப் பூங்காவின் பெரிய ராட்டினத்துக்கு விசை போடும் வேலை கிடைத்தது. அறுபதை நெருங்கும்வரை அதே விசையைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஊரில் பாதிப் பேரை ஆகாசத்துக்கு அனுப்பியவன், தான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. தலை சுற்றுமாம்.

நல்ல மனுஷன். ஆனால் எங்கள் ஊரில் நல்ல மனுஷனாக இருந்தால் மட்டும் போதாது, வாய் வேண்டும். கோக்கந்துக்காரன் சோறில்லாமல் இரண்டு நாள் இருப்பான், கேலி இல்லாமல் அரை நாள் இருக்கமாட்டான். நாலு பேர் உட்கார்ந்தால் அஸ்கியா தொடங்கிவிடும். ஒருவனை ஒருவன் வார்த்தையால் குத்துவது, குத்துப்பட்டவன் உடனே திருப்பிக் குத்துவது, சுற்றி இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது. சட்டம் ஒன்றே ஒன்று: கோபப்பட்டவன் தோற்றான். தூர்திக்குக் கோபம் வராது. பதிலும் வராது. மறுநாள் ராட்டினத்தை ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வரும். அருமையான பதிலாக வரும். யாரிடம் சொல்வது? மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கல்யாணப் பெண்ணிடமா?

பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாலு பேர் கடைசிவரை பிரியாமல் இருந்தார்கள். முறை வைத்து ஒருவர் வீட்டில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். இதற்கு எங்கள் ஊரில் ‘காப்’ என்று பெயர். பேச்சு என்று பொருள். முறைக்காரன் தன் கையாலேயே புலாவ் கிண்டிப் போடவேண்டும், அப்புறம் தேநீர், அப்புறம் நர்து பலகை, பகடை உருட்டித் தன் காய்களை முதலில் வெளியே எடுப்பவன் ஜெயிக்கிற ஆட்டம். நாலு பேரில் ஹோத்தமுக்கு சோஃபா கடை. நாக்கும் அவனுக்குத்தான் நீளம். ஸோலி நாவிதன், ஹோத்தம் சொன்னதை இரண்டாம் தடவை இன்னும் சத்தமாகச் சொல்வது அவன் வேலை. எர்மத் ஓய்வு பெற்ற விளையாட்டு வாத்தியார். நல்லவன், ஆனால் நல்லது நடக்கவேண்டிய நேரத்தில் வேறு பக்கம் பார்ப்பான். நாலாவது தூர்தி. அவன் அந்தக் கூட்டத்துக்கு என்ன என்றால், அடிக்கிற பந்து.

குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்பார்கள். குனிகிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும் என்பதைப் பழமொழி சொன்னவன் யோசிக்கவில்லை. தூர்தியின் மனைவி ஹாஸியத் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் நஸிபா தாஷ்கந்தில் வாக்கப்பட்டு, ஃபோனில் மட்டும் உயிரோடிருந்தாள். வாரம் முழுக்க விசை, ஞாயிற்றுக்கிழமை இந்த மூன்று பேர். அதையும் எடுத்துவிட்டால் அவனுக்கு என்ன இருக்கிறது?

ஒரு பூனை இருந்தது.

ஹாஸியத்தின் நாற்பதாம் நாள் காரியத்தன்று, அண்டா கழுவிய இடத்தில் ஒட்டியிருந்த சோற்றை நக்கிக்கொண்டு வந்து சேர்ந்த சாம்பல் நிறக் குட்டி. எங்கள் ஊரில் பத்துப் பூனையில் எட்டுக்கு மோஷ் என்றுதான் பெயர், பாசிப்பயறு. இதற்கும் அதுவே. தூர்தி வேலைக்குக் கிளம்பினால் சந்து முனைவரை கூட வரும். சாயங்காலம் அதே முனையில் உட்கார்ந்திருக்கும். வீட்டுக்குள் நுழையும்போது அவன் அன்றைய பதில்களை எல்லாம் அதனிடம் சொல்வான். “ஹோத்தம் அப்படிக் கேட்டானா, நான் என்ன சொல்லியிருக்கணும் தெரியுமா மோஷ்?” என்று தொடங்குவான். அது கேட்டுக்கொண்டிருக்கும். உலகத்தில் தூர்தியின் அஸ்கியாவுக்குக் காது கொடுத்த ஒரே ஜீவன் அதுதான்.

வசந்தம் தொடங்கிய சமயம் தூர்தியின் முறை வந்தது. முற்றத்துக் கட்டிலில் விரிப்பு போட்டு, ரொட்டி பிட்டு வைத்து, புலாவைக் குவித்துக் கொண்டுவந்து வைத்தான். வழக்கம்போல ஹோத்தம் ஆரம்பித்தான்.

“ஏண்டா தூர்தி, இந்த வீட்ல யாருடா ஆம்பள? நீயா, மோஷா?”

“மீசைய அளந்து பாத்துட்டு நான் சொல்றேன்,” என்றான் ஸோலி. “நான்தானே தொழில்காரன்.”

“அளக்க வேணாம். ஹாஸியத் போய்ச் சேந்ததும் கட்டிலுக்கு ஆள் வந்தாச்சு. இவ சமைக்கவும் மாட்டா, சண்டையும் போடமாட்டா. போன சம்பந்தத்தவிட நல்ல சம்பந்தம்டா!”

எர்மத் புலாவைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். தூர்தியும் சிரித்தான். செத்தவளை இழுத்தது அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கோபப்பட்டவன் தோற்றான்.

அந்த நேரம் பார்த்து மோஷ் கட்டிலின் மேல் ஏறி, விரிப்பைக் கடந்து, ஹோத்தம் கடைசியில் தின்ன என்று ஒதுக்கி வைத்திருந்த கொழுத்த கறித்துண்டைக் கவ்விக்கொண்டு ஓடியது. ஹோத்தம் கையைத் தூக்கினான், வாயைத் திறந்தான். அதற்குள் தூர்தி பேசிவிட்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக, ராட்டினத்துக்குப் போகாமல், அங்கேயே, அப்போதே, பதில் வந்துவிட்டது.

“விடு ஹோத்தம். மோஷுக்கு மார்க்கச் சட்டம் தெரியும். பழைய பஞ்ச அடைச்சுப் புது சோஃபான்னு விக்கிறவன்கிட்ட திருடினா அது திருட்டுல சேராது.”

ஸோலி சிரித்துச் சிரித்துப் புரையேறி, எர்மத் அவன் முதுகில் குத்தவேண்டியதாயிற்று. எர்மத்துக்கே கண்ணில் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரன் சுவருக்கு மேலே தலையை நீட்டி “என்னடா, என்ன சொன்னான்?” என்று கேட்க, ஸோலி அதை அவனுக்கு இரண்டு தடவை சொன்னான். மறுநாளே கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஹோத்தமுக்குத் தெரியும். அவனும் சிரித்தான். வாய் சிரித்தது, காது மட்டும் சிவந்து கிடந்தது.

“சபாஷ்,” என்றான். “நல்லா சொன்னே. நர்து பலகைய எடு.”

இங்கே இவர்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தூர்தி செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். முறைக்காரன் தன் வீட்டில் விருந்தாளியை ஜெயிக்கக் கூடாது. சோறு போட்ட கையால் மூக்கை உடைக்கிறதா? நல்ல ஆட்டக்காரனாக இருந்தாலும் கடைசியில் ஒரு காயைத் தப்பாக நகர்த்தித் தோற்றுவிடுவான். பதிலுக்கு, ஜெயித்த விருந்தாளி பந்தயத்தை விட்டுக்கொடுத்துவிடுவான். தேநீர் ஆறுவதற்குள் “போடா, உன்கிட்டயே இருக்கட்டும்” என்று சொல்லிவிடுவான். எர்மத்தின் சைக்கிளை ஸோலி இப்படி எத்தனை தடவை ஜெயித்திருக்கிறான்! சைக்கிள் இன்னும் எர்மத் வீட்டில்தான் நிற்கிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

“பந்தயம்?” என்றான் தூர்தி, காய்களை அடுக்கிக்கொண்டே.

“நான் தோத்தா என் காடைய எடுத்துக்கோ,” என்றான் ஹோத்தம். கடை வாசலில் கூண்டில் தொங்கும் காடை. அது கூவுவதைக் கேட்கவே கூட்டம் நிற்கும். “நீ தோத்தா, அடுத்த ஞாயிறு மீன் திங்க ஆத்துக்குப் போறோமில்ல, அந்தப் பூனைய பாலத்துக்கு அந்தப்பக்கம் கொண்டு விட்டுடணும். உன் கையால.”

“ஆஹா, பூனையச் சாக்குல கட்டிக் கொண்டுபோற பந்தயம்!” என்று கத்தினான் ஸோலி.

தூர்தி மோஷ் ஓடிய பக்கம் பார்த்தான். ஆனால் பந்தயம் எவ்வளவு பெரிதோ, விட்டுக்கொடுக்கிறவனுக்கு அவ்வளவு பெருமை. ஹோத்தம் தன் பெருமையை மீட்டுக்கொள்ளத்தான் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறான் என்று கணக்குப் போட்டான். சரி என்றான்.

நர்தில் தூர்தி கெட்டிக்காரன். நாக்கில் இல்லாதது விரலில் இருந்தது. ஆட்டம் பாதியைத் தாண்டும்போதே ஹோத்தமின் காய் ஒன்று துணையில்லாமல் தனியாக மாட்டிக்கொண்டு நின்றது. பகடையை உருட்டினான், வேண்டிய எண் விழுந்தது. வெட்டினால் ஆட்டம் முடிந்தது. எர்மத் பலகையைப் பார்த்தான், தூர்தியைப் பார்த்தான், தொண்டையைக் கனைத்தான். தூர்தி தலையைச் சொறிந்துகொண்டே வேறு காயை நகர்த்தினான்.

ஹோத்தம் ஜெயித்தான்.

தேநீர் வந்தது. தூர்தி காத்திருந்தான். தேநீர் ஆறியது. உலர்ந்த திராட்சை தின்றார்கள், நாட்டு நடப்பு பேசினார்கள். கையேந்தி துவா ஓதி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள். தூர்தி அவர்களுக்குப் பின்னால் வாசல்வரை போனான். ஹோத்தம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: “ஞாயித்துக்கிழம காலைல டமாஸ் வேனோட வர்றேன். சாக்கு தேடி அலையாத. கடைல இருக்கு.”

தூர்தி வாசலிலேயே நின்றுவிட்டான்.

அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஹோத்தம் விளையாடுகிறான், வண்டியில் ஏறும்போது சொல்லிவிடுவான் என்று ஒரு நாள் நினைத்தான். பூனை ஓடிப்போய்விட்டது என்று பொய் சொல்லலாமா என்று ஒரு நாள். காமிலின் ஞாபகம் வந்ததும் அதுவும் போயிற்று. காமில் ஒரு காலத்தில் இவர்களோடு ஐந்தாவது ஆள். பந்தயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று ஒதுக்கினார்கள். இப்போது ரயிலடித் தேநீர்க்கடையில் தனியாக உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் தேநீர் குடிக்கிறான். இவர்கள் எதிரே போனால் சலாம் சொல்வார்கள். அதோடு சரி.

மகளுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னான்.

“அப்பா, ஒரு பூனைதானே,” என்றாள் நஸிபா. பின்னால் அவள் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். “வேற குட்டி கெடைக்கும். அவங்கள விட்டா உங்களுக்கு அங்க யாரு இருக்கா? உடம்புக்கு முடியலன்னா நானா ஓடி வர முடியும்? கௌரவம் பாக்காம விட்டுட்டு வாங்க.”

அவள் சொன்னதில் தப்பில்லை. அதுதான் வேதனை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மல்பெரி துளிர் விட்டிருந்தது. டமாஸ் வண்டியின் பின்சீட்டில் தூர்தி, மடியில் சாக்கு. சாக்கு முதலில் துள்ளியது, பிறகு அவன் கைச்சூடு தெரிந்ததோ என்னவோ, அடங்கி உறுமத் தொடங்கிற்று, சுகத்தில் உறுமும் உறுமல். முன்னால் ஸோலி பாட்டுப் பாடினான். ஹோத்தம் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். எர்மத் ஜன்னல் வழியாகப் பருத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

பாலத்தைத் தாண்டி வண்டி நின்றது. நாலு பேரும் இறங்கினார்கள். தூர்தி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு சாக்கின் முடிச்சை அவிழ்த்தான்.

மோஷ் வெளியே வந்தது, சோம்பல் முறித்தது, ஆற்றை ஒரு பார்வை பார்த்தது. பிறகு தூர்தியின் காலில் உரசிக்கொண்டு நின்றது. அவன் நடந்தான். அதுவும் நடந்தது. சந்து முனைவரை கூட வருகிற பூனை அல்லவா?

“டேய், விட்டுட்டு வர்றதுதான் பந்தயம்,” என்றான் ஹோத்தம். “கூட்டிட்டு வர்றது இல்ல.”

“போ,” என்றான் தூர்தி. “மோஷ், போ.” கையை ஓங்கினான். அது கண்ணைச் சிமிட்டியது. மண்கட்டியை எடுத்து எறிந்தான். விளையாட்டு என்று நினைத்து அது மண்கட்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. ஸோலி குனிந்து குனிந்து சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் தூர்திக்கு என்னவோ ஆயிற்று. கல்லை எடுத்தான். எறிந்தான். பின்னங்காலில் பட்டது. அது ஒரு தடவை கத்தியது. பிறகு மூன்று காலில் நின்று அவனைப் பார்த்தது. போகவில்லை. தூர்திதான் ஓடினான், வண்டிக்கு.

பாலத்தைத் திரும்பக் கடந்து, ஊர்ப்பக்கக் கரையில் மீன் பொரித்தார்கள். ஹோத்தம் நல்ல துண்டாகப் பார்த்துத் தூர்தியின் தட்டில் வைத்தான். தூர்தி தின்றான். உப்பு சரியாக இருக்கிறது என்றுகூடச் சொன்னான்.

மறுநாள் திங்கட்கிழமை, ராட்டினத்துக்கு விடுமுறை. மறுபடி ஆற்றுக்குப் போயிருக்கலாம். போனது ஹோத்தம் காதுக்கு எட்டினால் என்ன சொல்வான் என்ற பயத்தில் வீட்டுக்குள் கிடந்தான். வெள்ளிக்கிழமை வாக்கில் மனசு கேட்காமல் பஸ் ஏறினான். பாலத்து முனையில் மீன் விற்கிற பெண்ணிடம் விசாரித்தான்.

“சாம்பக் கலர்ல, நொண்டிக்கிட்டு? அது உன்னோடதா அண்ணா?” என்றாள் அவள். “இந்தா, இங்கதான் உக்காந்திருந்துச்சு. டமாஸ் வண்டி எது நின்னாலும் கிட்ட ஓடும். ஆளுங்க இறங்கினதும் மூஞ்சியப் பாத்துட்டுத் திரும்பிடும். மீன் போட்டேன், தொடல. நேத்திலேருந்து காணோம். ஆத்தங்கரைல நாய்ங்க ஜாஸ்தி.” கத்தியைத் துடைத்துக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “இப்பத்தான் வர்றியா?”

நாணலுக்குள் புகுந்து இருட்டும்வரை “மோஷ், மோஷ்” என்று கூப்பிட்டுப் பார்த்தான். அடுத்த வாரமும் போனான். எலும்புகூடக் கிடைக்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கூட்டத்தில் இப்போது புதுக் கேலி கிளம்பியது. ஸோலி வீட்டுப் பேத்தியைத் தூர்தி தூக்கினால், “குடுக்காதீங்கடா, ஆத்துக்கு அந்தப்பக்கம் விட்டுட்டு வந்துடுவான்” என்றான் ஹோத்தம். “கல்லு கில்லு இல்லாம பாத்துக்கோங்க” என்றான் ஸோலி. கேலி கடைத்தெருவுக்குப் போய், பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. ஒரு அம்மாள் ராட்டினத்தில் ஏறப் போனவள், விசையில் யார் என்று பார்த்துவிட்டு, வளர்த்த ஜீவனைக் கல்லால் அடித்தவன் கையில் என் உசுரைக் கொடுக்கவா என்று திரும்பிப் போனாள். பூனையை விட்டுவிடச் சொன்னவனைப் பற்றி ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொன்னது வெறும் சொல், எறிந்ததுதானே கல்! நியாயம் எங்கள் ஊரில் எப்போதும் இந்த லட்சணம்தான்.

தூர்தி எல்லாவற்றுக்கும் சிரித்தான்.

இடையில் வந்த தன் முறைகளில் வழக்கம்போலத் தோற்றுக்கொடுத்தான். இலையுதிர்காலத்தில் முறை மறுபடி அவனிடம் வந்தது. புலாவ் அன்றைக்கு என்றுமில்லாத ருசி. சாப்பிட்டு முடித்ததும் கேட்காமலே நர்து பலகையை எடுத்து வைத்து, “வா ஹோத்தம்” என்றான்.

“பந்தயத்துக்கு வீட்ல என்ன மிச்சம் இருக்கு உங்கிட்ட?” என்றான் ஹோத்தம்.

“ஜெயிச்சவன் கேக்குறத தோத்தவன் குடுக்கணும். அவ்வளவுதான்.”

ஹோத்தம் சிரித்துக்கொண்டே பகடையை எடுத்தான். தன் வீட்டில் தூர்தி ஜெயிக்கமாட்டான் என்பது அவனுக்குத் தெரியாதா? முதல் காய் வெட்டுப்பட்டபோது கைப்பிசகு என்று நினைத்தான். இரண்டாவது வெட்டுப்பட்டபோது நிமிர்ந்து பார்த்தான். தூர்தி முகத்தை நிமிர்த்தவில்லை. மூன்றாவதையும் வெட்டினான். ஹோத்தம் ஒரு காயைக்கூட வெளியே எடுக்குமுன் தூர்தி தன் காய் அத்தனையையும் எடுத்துவிட்டான். இப்படித் தோற்பதற்குப் பேரே தனி. விருந்து வீட்டில் அதைக் கண்டவர்கள் யாரும் இல்லை.

எர்மத், “தூர்தி, என்னடா இது, உன் வீட்ல உக்காந்துகிட்டு…” என்று முனகினான்.

“காடையதானே கேக்கப்போற?” என்றான் ஹோத்தம். “அதுக்கு உடம்பு சரியில்ல. வேற ஏதாவது கேளு.”

“காடை வேணாம். ஒண்ணு கேக்குறேன், நெஜத்தச் சொல்லணும். அன்னிக்குப் பாலத்துல நான், வேணாம்டா, எனக்கு மனசு வரலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, விட்டிருப்பியா?”

ஹோத்தமுக்கு மூச்சு வந்தது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இவ்வளவுதானா! அடப்பாவி, நான் பயந்தே போயிட்டேன். விட்டிருப்பேனாவா? நீ கெஞ்சுவேன்னுதான்டா வழி முழுக்கக் காத்துக்கிட்டு வந்தோம். கேளு இவன.”

“ஆமாடா,” என்றான் ஸோலி. “பூனைக்குன்னு ரெண்டு சின்ன மீன்கூட தனியா வாங்கி வச்சிருந்தான்.”

தூர்தி எர்மத்தைப் பார்த்தான். எர்மத் கைகளைப் பார்த்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினான்.

“அப்ப நான் கல்ல எடுத்தப்போ?” என்றான் தூர்தி. “அப்ப ஏண்டா யாரும் தடுக்கல?”

“அதெப்படித் தடுக்கிறது?” என்றான் ஹோத்தம். பொய்யில்லை, வஞ்சகமில்லை, உள்ளதைச் சொல்கிறவனின் முகம். “நீ எதுவரைக்கும் போவேன்னு பாக்கணும் போல இருந்துச்சு. அவ்வளவு தூரம் போவேன்னு யாருக்குத் தெரியும்? ஆட்டம் நல்லாப் போய்க்கிட்டிருக்கும்போது நடுவுல யாராச்சும் நிறுத்துவானா?”

ஸோலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹோத்தமும் சேர்ந்துகொண்டான். கொஞ்சம் பொறுத்து எர்மத்தும். மூன்று பேரும் தூர்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள், அவன் எப்போது சேர்ந்துகொள்வான் என்று.

தூர்தி நர்து பலகையை மூடினான். காய்கள் உள்ளே சரிந்து அடங்கின. பிறகு அவனும் சிரித்தான், எல்லாரையும்விடச் சத்தமாக. தேநீர்க் குடுவையை எடுத்து முதலில் ஹோத்தமின் கிண்ணத்தை நிரப்பினான்.

“அடுத்த ஞாயிறு யார் வீட்ல?” என்று கேட்டான்.